மேக்கப் பிரஷ்: வாங்கியதும் தேய்த்ததும் கழுவியதும்

மேக்கப் போடுவதுதான் எனக்குத் தொழில். தானே போட்டுக்கொள்ளக் கற்றுத்தரச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம் முதலில் சொல்வது, "வீட்டில் இருக்கிற பிரஷ் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வாருங்கள்" என்பதுதான். அப்படி வந்த ஒரு பெண்ணுக்கு, ஃபவுண்டேஷன் (தோல் நிறத்தில் முகம் முழுக்கப் பூசுவது) போட்டால் கன்னத்தில் கோடு கோடாக நிற்கிறது என்று மனக்குறை. ஃபவுண்டேஷனை மாற்றி மாற்றிப் பார்த்தும் கோடு போகவில்லையாம். பையைத் திறந்தால் பெரிய செட் ஒன்று. அதில் ஃபவுண்டேஷனுக்கு அவர் எடுப்பது தட்டையான, முடி ஒல்லியாக இருக்கும் பிரஷ். பெயின்ட் அடிப்பதைப் போல மேலிருந்து கீழே இழுக்கிறார். கோடு விழாமல் என்ன செய்யும்? உச்சி சமமாகவும் முடி நெருக்கமாகவும் இருக்கும் கபுகி பிரஷ் ஒன்றைக் கையில் கொடுத்து, "இழுக்காதீங்க, சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றுங்க" என்றேன். அதே ஃபவுண்டேஷன், அதே முகம், கோடு மட்டும் இல்லை.

பிரஷ்ஷில் பார்க்க வேண்டியது முடியின் நெருக்கமும் நீளமும்தான். குட்டையாக, நெருக்கமாக இருந்தால் நிறம் அழுத்தமாக விழும். நீளமாக, தளர்வாக இருந்தால் மெலிதாகப் பரவும். பிளஷ்ஷை நெருக்கமான பிரஷ்ஷில் எடுத்துவிட்டு, கன்னத்தில் அறை வாங்கியது மாதிரி இருக்கிறது என்று பிளஷ்ஷைத் திட்டுகிறவர்களைத் தினம் பார்க்கிறேன். கைப்பிடியை எங்கே பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். முடிக்குப் பக்கத்தில் பிடித்தால் அழுத்தம் கூடும், நுனியில் பிடித்தால் கை தானாக லேசாகிவிடும்.

செட்டாக வாங்குவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஃபவுண்டேஷனுக்கு ஒன்று, பவுடருக்குப் பெரிதாக ஒன்று, பிளஷ்ஷுக்கு ஒன்று, கண்ணிமையில் நிறம் வைக்க ஒன்று, அந்த நிறத்தின் ஓரத்தைப் பரப்பி மெலிதாக்க ஒன்று, புருவம் சீவ ஒன்று. வீட்டு உபயோகத்துக்கு இது தாராளம். வாங்கும்போது முடியைப் புறங்கையில் அழுத்திப் பாருங்கள், குத்தக் கூடாது. லேசாக இழுத்துப் பாருங்கள், கொத்தாக வரக் கூடாது. அப்புறம், முடியையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடித்திருக்கும் உலோகக் குழலை ஆட்டிப் பாருங்கள். அது ஆடினால் மற்றது எதையும் பார்க்க வேண்டாம், வைத்துவிட்டு வாருங்கள்.

* * *

மேலே எழுதிய அக்கா சொன்னது சரிதான். ஆனால் நல்ல பிரஷ்ஷே வில்லனான கதை ஒன்று எங்கள் வீட்டில் நடந்தது. என் தங்கைக்குக் கன்னங்களில் மட்டும் சின்னச் சின்னப் பருக்கள். நெற்றி சுத்தம், தாடை சுத்தம். தோல் மருத்துவர் மருந்து எழுதுவதற்கு முன்பே கேட்டார்: "பிளஷ் போடுற பிரஷ்ஷைக் கடைசியாக எப்போம்மா கழுவினே?" அவள் என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன்.

பரு வர ஆயிரம் காரணம் இருக்கலாம், பிரஷ்ஷை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்று மருத்துவர் தெளிவாகவே சொன்னார். ஆனால் முகத்து எண்ணெயும் இறந்த தோலும் பழைய மேக்கப்பும் சேர்ந்த முடிக்கற்றையை மறுபடி மறுபடி அதே இடத்தில் தேய்த்தால், எந்த மருந்தும் தன் வேலையை ஒழுங்காகச் செய்யாது என்றார். அமெரிக்கத் தோல் மருத்துவ அகாதமி 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை கழுவச் சொல்கிறது. தங்கை இப்போது வாரக் கடைசியில் கழுவுகிறாள். பரு குறைந்தது. எது மருந்தால், எது கழுவியதால் என்று பிரித்துச் சொல்ல நான் ஆளில்லை.

* * *

ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் இந்தப் பேச்சு எங்கே வந்தாலும் காதைத் தீட்டிக்கொள்வேன். பிரஷ்ஷையாவது எப்போதாவது கழுவுகிறோம். ஃபவுண்டேஷனைத் தட்டிப் பரப்பும், பஞ்சு மாதிரி இருக்கும் பிளெண்டர் ஸ்பான்ஞ்சை யாரும் கண்டுகொள்வதில்லை. பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2019 இல் வெளியிட்ட ஆய்வில், பயன்பாட்டில் இருந்த மஸ்காரா, லிப் கிளாஸ் எல்லாம் வாங்கிச் சோதித்தார்கள். கிருமி அதிகம் இருந்தது ஸ்பான்ஞ்சில்தான். 93 சதவீத ஸ்பான்ஞ்சுகள் ஒருமுறைகூடக் கழுவப்படாதவை. 64 சதவீதம் எப்போதாவது தரையில் விழுந்தவை. ஈரம் தங்கும் இடத்தில் கிருமிக்குக் கொண்டாட்டம், இதில் வியக்க எதுவும் இல்லை.

கழுவும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல பிரஷ் சாவது பெரும்பாலும் குழாயடியில்தான். முடி கீழே பார்க்க, பிரஷ்ஷைச் சாய்வாகப் பிடியுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் முடியின் கீழ்ப்பாதியில் மட்டும் பட வேண்டும். உலோகக் குழலுக்குள் முடி பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. தண்ணீர் அதற்குள் இறங்கினால், முக்கியமாகச் சூடான தண்ணீர் இறங்கினால், பசை இளகும். முடி கொட்டத் தொடங்கும். மரக் கைப்பிடி ஈரம் குடித்து ஊதி, காயும்போது சுருங்கும். அப்புறம் குழல் கடகடவென்று ஆடும், வார்னிஷ் வெடித்து உரியும். டம்ளரில் தண்ணீர் ஊற்றி இரவெல்லாம் ஊறப்போடுகிறவர்கள் இதைத்தான் வரவழைத்துக்கொள்கிறார்கள்.

உள்ளங்கையில் ஒரு சொட்டு பேபி ஷாம்பு விட்டு, முடியின் நுனியை அதில் மெதுவாக வட்டமிடுங்கள். முதலில் வரும் நுரை தோல் நிறத்தில், குழம்பாக இருக்கும். அலசுங்கள், மறுபடி ஒரு சொட்டு. இரண்டாம் நுரை வெளிறும். நுரை வெள்ளையாக வரும்வரை இதையே செய்ய வேண்டும். வெளிமுடி சுத்தமாகிவிட்டதே என்று நிறுத்திவிடாமல், விரலால் முடியைப் பிளந்து நடுவே பாருங்கள். நெருக்கமான பிரஷ்ஷின் நடுவில் ஃபவுண்டேஷன் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாள் முழுக்க நிற்கும் ரக ஃபவுண்டேஷன் என்றால் ஷாம்புக்குச் சீக்கிரம் மசியாது. முதலில் சில சொட்டு எண்ணெயில் நுனியைப் புரட்டி டிஷ்யூவில் துடைத்தால் இளகி வரும், பிறகு ஷாம்பு. முடியை உள்ளங்கையில் குத்திக் குத்தித் தேய்க்காதீர்கள், விரிந்துவிடும்.

பிழியாமல் துண்டில் ஒற்றி, விரலால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, மேசை விளிம்பில் முடிப்பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்க வையுங்கள். காற்று எல்லாப் பக்கமும் போக வேண்டும். ஈரத்தோடு கோப்பையில் நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் நேராகக் குழலுக்குள்தான் இறங்கும்.

* * *

ஹேர் டிரையரில் காயவைக்கலாமா? காலையில் கழுவி மதியம் வேண்டும் என்றால் வேறு வழி?

* * *

சூட்டில் வேண்டாம். செயற்கை முடி என்பது நைலான், பாலியஸ்டர் போன்ற பிளாஸ்டிக் இழைதான், சூடு பட்டால் வளைந்து அப்படியே நின்றுவிடும். குளிர்காற்று வைத்தால் பரவாயில்லை. அடர்த்தியான பிரஷ் எப்படியும் மதியத்துக்குள் காயாது. இன்னொரு பிரஷ் வைத்துக்கொள்வதுதான் வழி.

* * *

மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒப்பனை செய்யும் குழுவில் இருக்கிறேன். இன்றும் பல ஒப்பனை அறைகளில் ஒரே ஐலைனர் பிரஷ் வரிசையாகப் பத்துப் பேர் கண்ணுக்குப் போகிறது. ஒரு நிகழ்ச்சிக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வேறொருவர் பாதிப் பேருக்குப் போட்டு முடித்திருந்தார். வரிசையில் நின்ற ஒரு பையனுக்குக் கண் சிவந்து, ஓரத்தில் பீளை. அம்மாக்காரர், "தூக்கம் இல்லை, அதான்" என்கிறார். எங்கள் குழுத் தலைவி குரலை உயர்த்தவில்லை. அந்தப் பையனுக்குக் கண் மேக்கப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேசையில் இருந்த கண் பிரஷ் அத்தனையையும் எடுத்து ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டார். மிச்சப் பேருக்கு எங்கள் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு பிரஷ். மஸ்காராவுக்கு, ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் குச்சி. அந்த இன்னொருவர் முகம் தொங்கிப்போனது உண்மைதான். என்ன செய்வது, கண் விஷயத்தில் தாட்சண்யம் பார்க்க முடியுமா?

ஒருவர் முடிந்து அடுத்தவருக்கு அதே பிரஷ் போக வேண்டியிருந்தால் நாங்கள் செய்வது இது. முதலில் ஒட்டியிருக்கும் மேக்கப்பைச் சுத்தமாக எடுக்க வேண்டும். அழுக்கின் மேல் மருந்து அடித்தால் அழுக்குத்தான் குளிக்கும். பிறகு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். 99 சதவீதம் இன்னும் நல்லதுதானே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். இல்லை. அது சட்டென ஆவியாகிவிடும். கிருமியின் புரதத்தைக் குலைக்கக் கொஞ்சம் தண்ணீரும் தேவை. முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்த முகம். பக்கத்தில் நெருப்பு கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மேடைக்குப் பின்னால் அது சின்ன விஷயமில்லை.

* * *

ஆல்கஹாலை இயற்கை முடி பிரஷ்ஷில் தினமும் அடிக்காதீர்கள், வறண்டு உடையும். நான் ஓவியம் வரைகிறவள், பிரஷ் பைத்தியம். கண்ணோரம் கோடு இழுக்க இன்றும் என் மெல்லிய நீர்வண்ண பிரஷ்தான் (கண்ணுக்கென்று தனியாக எடுத்துவைத்தது, வண்ணத்தில் தோய்த்தது இல்லை).

ஆடு, அணில், குதிரை முடி, கொலின்ஸ்கி என்னும் சைபீரிய வீசலின் (கீரி போன்ற சிறு விலங்கு) வால்முடி, இவைதான் இயற்கை ரகம். "ஒட்டக முடி" என்று போட்டிருக்கும் பிரஷ்ஷில் பெரும்பாலும் ஒட்டகத்தின் முடி ஒன்றுகூட இருக்காது, அது வெறும் வியாபாரப் பெயர். நம் தலைமுடி மாதிரியே இயற்கை முடியின் மேலும் நுண்ணிய செதில்கள் உண்டு, பவுடரை அவை பிடித்துவைக்கும். திரவத்தையோ குடித்துவிடும். செயற்கை இழை வழவழப்பு, அதனால் ஃபவுண்டேஷன், கன்சீலர் (கறை மறைக்கப் பூசுவது), கிரீம் எல்லாவற்றுக்கும் அதுவே மேல், கழுவுவதும் சுலபம். விலங்கு முடி மனசுக்கு ஒப்பவில்லை என்றால் தயங்க வேண்டாம், இப்போது பவுடருக்கும் நல்ல செயற்கை பிரஷ் வருகிறது.

ஜப்பானில் ஹிரோஷிமா மாகாணத்தில் குமானோ என்று ஓர் ஊர், பிரஷ்ஷுக்கே பேர் போனது. அங்கே நல்ல பிரஷ்ஷின் முடி நுனியைக் கத்தரிப்பதில்லை. மர அச்சில் முடியை இட்டுத் தட்டி வடிவம் கொண்டுவருகிறார்கள். வெட்டாத நுனி இயல்பாகவே கூர்ந்திருப்பதால் தோலில் குத்தாது. 2011 இல் உலகக் கோப்பை வென்ற ஜப்பான் பெண்கள் கால்பந்து அணிக்கு அரசு விருதோடு கொடுத்த நினைவுப் பரிசும் குமானோ மேக்கப் பிரஷ்தான். இதைப் படித்த அன்றுதான், பிரஷ்ஷுக்கு இவ்வளவு செலவா என்று கேட்கும் என் வீட்டுக்காரருக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்தது.

* * *

புது பிரஷ் முதல் கழுவலில் சாயம் விட்டது, நாலைந்து முடியும் கொட்டியது. ஏமாந்துவிட்டேனா?

* * *

ஆரம்பத்தில் எழுதியவள்தான். இல்லைம்மா, சாயமேற்றிய முடி முதலில் கொஞ்சம் நிறம் விடும், ஒட்டாத முடி ஒன்றிரண்டு உதிரும். முகத்தில் வைக்கும் முன்பே ஒருமுறை கழுவச் சொல்வது அதனால்தான். மூன்றாவது நான்காவது கழுவலிலும் கொட்டிக்கொண்டே இருந்தால் பசை சரியில்லை. நன்றாகக் காய்ந்த பிறகும் ஊசல் வாடை வந்தால், அந்த பிரஷ் முகத்துக்கு ஆகாது. குழல் மட்டும் கழன்று முடி நன்றாக இருந்தால் கொஞ்சம் பசை வைத்து ஒட்டிப் பயன்படுத்தலாம், நானே சிலதை அப்படி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். முடி விரிந்துபோனதை லேப்டாப் விசைகளுக்கு நடுவே தூசி தட்ட வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அருமையாக இருக்கும்.