பெரிய வாரத்து அடுப்படி: வெள்ளிக் கஞ்சியும் ஈஸ்டர் ஆப்பமும்

இயேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளியன்று வைக்கிற கஞ்சியை, மிஞ்சிய சோற்றைக் கரைக்கிற மாதிரி லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருசந்தி, அதாவது நோன்பு, இருக்கிறவர்களுக்கு அன்றைக்கு அதுதான் ஒரே முழுச் சாப்பாடு. "இன்றைக்கு ஏன் இப்படி?" என்று கேட்கிற பிள்ளைக்குப் பதிலும் அந்தக் கிண்ணத்தில்தான் இருக்கிறது. தாளிப்பு வேண்டாம், நெய் வேண்டாம். பக்குவம் மட்டும் தவறக் கூடாது.

ஆறு பேருக்குப் பச்சரிசி நொய் 1 டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர், வெந்தயம் 1 டீஸ்பூன், பூண்டு 10 பல், தண்ணீர் 8 டம்ளர். வெந்தயத்தை வியாழன் இரவே ஊறப்போட வேண்டும். ஊறாத வெந்தயம் பல்லில் கடுக்கென்று கடிபட்டுக் கசக்கும், பிள்ளைகள் கிண்ணத்தைத் தள்ளிவிடுவார்கள். பருப்பை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, தண்ணீர் கொதித்த பிறகு முதலில் போடுங்கள். அது பாதி வெந்ததும் நொய், பூண்டு, வெந்தயம். நொய் போட்டதும் முதல் ஐந்து நிமிடம் கரண்டியை எடுக்கவே கூடாது. அடிப்பிடிப்பதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில்தான். உப்பு கடைசியில். தேங்காய்ப்பால் சேர்ப்பதாக இருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு முதல் பால் 1 டம்ளர் ஊற்றிக் கலக்கினால் போதும். ஊற்றிய பிறகு கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும்.

தொட்டுக்கொள்ளச் சுட்ட தேங்காய்த் துவையல்தான் பொருத்தம். அரை மூடித் தேங்காயைச் சில்லு சில்லாகக் கீறி, ஓரம் கருகித் தேங்காயெண்ணெய் வாசம் கிளம்பும்வரை தணலில் சுட வேண்டும். வற்றல் மிளகாய் நான்கையும் அதே தணலில் காட்டிக்கொள்ளலாம். கொட்டைப்பாக்கு அளவு புளி, சின்ன வெங்காயம் மூன்று, உப்பு. அம்மியில் மிளகாயும் உப்பும் முதலில் நைந்த பிறகுதான் தேங்காய். தண்ணீர் தெளிக்காதீர்கள். தெளித்தால் அது சட்னி, மாலைக்குள் ஊசிப்போகும்.

* * *

வீட்டு அளவைப் பெருக்கிக் கோவில் அண்டாவில் போட்டுக் கவனிக்காமல் விட்டால் கஞ்சி களியாகிவிடும், இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இயேசுவின் பாடுகளைப் பதினாலு தலமாக நின்று நினைத்துச் செபிக்கிற சிலுவைப்பாதை முடிந்து வருகிற 100 பேருக்கு நொய் 3 கிலோ, பாசிப்பருப்பு முக்கால் கிலோ, தண்ணீர் 28 லிட்டர். ஆளுக்கு ஒரு பெரிய டம்ளர் தாராளமாக வரும். உப்பு 150 கிராமில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுங்கள். மொத்தம் 200 கிராமைத் தாண்டத் தேவைப்படாது.

அண்டா அடி கனமானதாக இருக்கட்டும். விறகடுப்பானால் நொய் போட்டதும் பாதி விறகை வெளியே இழுத்துவிட வேண்டும். பதினாலு தலமும் முடியும்வரை கஞ்சி காத்திருக்கும், அதற்குள் இறுகிக்கொண்டே போகும். அதனால் பக்கத்தில் 5 லிட்டர் வெந்நீர் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். பச்சைத்தண்ணீர் ஊற்றினால் கஞ்சி தனியாக, நீர் தனியாக நிற்கும். பெரிய அளவில் தேங்காய்ப்பால் ஊற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏப்ரல் வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் கெட்டுவிடும், வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் பிள்ளைகள். அடிப்பிடித்த வாசம் வந்துவிட்டால் கிளறவே வேண்டாம். மேல் கஞ்சியை அப்படியே வேறு அண்டாவுக்கு மாற்றுங்கள். சுரண்டினால் மொத்தமும் தீய்ந்த வாசமாகிவிடும்.

* * *

பிள்ளைகளுக்கு ஒருசந்தி உண்டா என்று தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள், வந்தால் எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1252-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது, 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 நிறைந்ததிலிருந்து 59 நிறையும்வரை. ஒருசந்தி என்றால் ஒரு வேளை முழுச் சாப்பாடு. மற்ற இரண்டு வேளையும் கொஞ்சம் சாப்பிடலாம், ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரு முழுச் சாப்பாடு ஆகக் கூடாது. கட்டாய ஒருசந்தி ஆண்டுக்கு இரண்டே நாள்: தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன், பெரிய வெள்ளி. மீன், முட்டை, பால் சுத்தபோசனத்தில் விலக்கு அல்ல. நாற்பது நாளும் கவுச்சியே தொடாத வீடுகள் உண்டு, அது அந்தந்த வீட்டின் பக்தி.

பத்து வயதுப் பிள்ளையைப் பட்டினி போட்டு மயங்கவிடுவது பக்தி அல்ல. தவத்தின் பொருளை அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்றுதான் அதே சட்டம் பெற்றோரிடம் கேட்கிறது. மிட்டாய்க் காசைத் தவக்கால உண்டியலில் போடச் சொல்லுங்கள், கஞ்சிக்குப் பூண்டு உரிக்கச் சொல்லுங்கள். அந்த வயதுக்கு அதுவே நல்ல தவம்.

இன்னொரு குழப்பம், நன்மை (பூசையில் தரும் நற்கருணை அப்பம்) வாங்குவதற்கு முந்தைய உபவாசம். நள்ளிரவிலிருந்து எதுவும் தொடக் கூடாது என்ற பழைய விதி 1953-லும் 1957-லும் தளர்ந்து, 1964-லிருந்து ஒரு மணி நேரமாகிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தைப் பூசை தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல, நன்மை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். தண்ணீரும் மருந்தும் தடை இல்லை. ஆகவே ஈஸ்டருக்கு முந்தைய சனி இரவுப் பாஸ்கா பூசைக்குப் போகிற, புதிதாக நன்மை வாங்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கு ஒன்பது மணிக்கு இரண்டு இட்லி கொடுத்துக் கூட்டிப் போங்கள். நெருப்பு மந்திரிப்பது, பாஸ்கா புகழுரை, வாசகங்கள் என்று நீளும் பூசை அது. வெறும் வயிற்றோடு மெழுகுதிரி பிடித்து நிற்கிற பிள்ளைக்குத் தலை சுற்றும்.

* * *

அந்தப் பூசை நேரம்தான் ஈஸ்டர் ஆப்பத்துக்கும் சோதனை. பூசை பல இடங்களில் பத்தரை, பதினொன்றுக்குத் தொடங்குகிறது, வீடு திரும்ப ஒன்றரை ஆகிவிடும். மாலை ஆறு மணிக்கு ஈஸ்ட் கலந்து வைத்துவிட்டுப் போனால், சித்திரைச் சூட்டில் பதினொன்றுக்கே மாவு பொங்கி முடிந்திருக்கும். விடியற்காலையில் திறந்தால் புளித்துச் சரிந்து, நடுவில் பள்ளம் விழுந்து கிடக்கும். அந்த மாவில் ஓரம் முறுகலாக வராது, வெள்ளையாகத் துவண்டுபோகும்.

கணக்கு இப்படி இருக்கட்டும். பச்சரிசி 2 டம்ளரை மதியம் இரண்டு மணிக்கு ஊறவையுங்கள். ஆறு மணிக்கு ஒரு டம்ளர் தேங்காய்த் துருவலோடு வழுவழுப்பாக அரைத்து, அதில் இரண்டு கரண்டி மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துச் சிறுதீயில் கூழாகக் காய்ச்ச வேண்டும். இதுதான் கப்பி, ஆப்பத்தின் நடுப்பகுதிக்குப் பஞ்சு கொடுப்பது. நன்றாக ஆறிய பிறகே மாவில் சேர்க்க வேண்டும். சுடச்சுட ஊற்றினால் மாவு சூடாகும், அந்தச் சூட்டில் ஈஸ்ட் போட்டால் செத்துவிடும். மாவைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, கோவிலுக்குக் கிளம்பும்போது வெளியே எடுத்து வையுங்கள். திரும்பி வந்ததும் கால் டீஸ்பூன் ஈஸ்ட்டை ஒரு டீஸ்பூன் சர்க்கரையோடு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, நுரைத்ததும் கலந்துவிட்டுப் படுக்கலாம். ஐந்தரை மணிக்குச் சரியாக இருக்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு இருக்கக் கூடாது.

குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இரவு ஒன்பதுக்கு அரைத்து, இரண்டு விரலில் கிள்ளும் அளவு ஈஸ்ட் மட்டும் போட்டு, பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்திவிட்டுப் போங்கள். பழைய கைப்பக்குவம் கள் ஊற்றுவது. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருப்பதால், சர்க்கரை போட்டு அரை நாள் புளிக்கவைத்த தேங்காய்த் தண்ணீரைச் சேர்க்கிறார்கள். வாசம் ஓரளவு நெருங்கும்.

உப்பும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சுடும்போதுதான். மாவு மோர்ப் பதத்தைவிடச் சற்றுக் கெட்டி. கண் கண்ணாகத் துளை விழவில்லை என்றால் சட்டி போதுமான அளவு காயவில்லை, அல்லது மாவு கெட்டி. ஒட்டினால் சட்டி பழகவில்லை என்று பொருள். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து, முதலில் ஒரு முட்டையை அதில் பொரித்து எடுத்துவிட்டு மாவை ஊற்றுங்கள்.

* * *

ஆப்பத்துக்கு ஆட்டுக்கறி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அரைக் கிலோ கறியை இஞ்சி, பச்சைமிளகாய், பட்டை, உப்பு போட்டு வெறும் தண்ணீரில் வேகவையுங்கள். குக்கரில் தேங்காய்ப்பாலோடு வேகவிட்டால் திரிந்துபோகும். கறி மெத்தென்று ஆனதும் உருளைக்கிழங்கும் இரண்டாம் பாலும் சேர்த்துத் திறந்த சட்டியில் கொதிக்கவிட்டு, இறக்கிய பிறகு முதல் பால். கவுச்சியே தொடாமல் நாற்பது நாள் இருந்த பிள்ளைக்கு முதல் நாளே தட்டு நிறையக் கறி வைக்க வேண்டாம். ஆப்பத்தின் நடுவில் இரண்டு துண்டும் ஒரு கரண்டி சாறும் போதும், மீதியை மதியம் கொடுக்கலாம்.