ஸ்காலர்ஷிப்புக்கு பயந்து ரியல் அனாலிசிஸை ட்ராப் பண்ணலாமா? (பத்து நாள்தான் இருக்கு)

கடைசிபெஞ்ச்_கணக்கு:

புள்ளியியல் படிக்கிறேன், நாலாவது செமஸ்டர். கட்டணத்தில் 60% ஸ்காலர்ஷிப், மீதி 40% கல்விக்கடன். சிஜிபிஏ (பத்துக்கு கிரேடு சராசரி) 8.0-க்குக் கீழே போனால் ஸ்காலர்ஷிப் போச்சு. இப்போ என்னிடம் இருப்பது 8.14. மூணு செமஸ்டர், 60 கிரெடிட்.

இந்த செமஸ்டரில் மொத்தம் ஐந்து பாடம், 20 கிரெடிட். அதில் ஒன்றாக ஆசைப்பட்டு ரியல் அனாலிசிஸ் (நுண்கணிதத்தின் அடிப்படைகளை நிறுவிப் படிக்கும் பாடம்) எடுத்தேன், 4 கிரெடிட். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. விருப்பப் பாடம்தான். மிட்-செம்மில் 30-க்கு 11. விடைத்தாளில் அழித்த தடமே அதிகம். ஒரு இடத்தில் சார் சிவப்பு மையில் "எந்த எப்சிலானுக்கு?" என்று மட்டும் எழுதியிருந்தார். அரை மணி நேரம் அந்தக் கேள்விக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சார் கேட்டது சரிதான், எப்சிலான் என்று ஒரு சிறிய நேர் எண்ணை எடுத்துக்கொண்டுதான் நிறுவலைத் தொடங்கணும், நான் எந்த எப்சிலான் என்று சொல்லவே இல்லை.

இருந்தாலும் ஒன்று சொல்லணும். போன ஞாயிறு போல்சானோ–வியர்ஸ்ட்ராஸ் தேற்றத்தை (ஒரு எல்லைக்குள் அடங்கிய முடிவில்லாத எண் வரிசையில், ஏதோ ஒரு எண்ணை நெருங்கிக்கொண்டே போகும் உள்வரிசை ஒன்று இருந்தே தீரும்) புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நானே நிறுவிப் பார்த்தேன். இடைவெளியைப் பாதியாக வெட்டு, எந்தப் பாதியில் முடிவில்லாமல் உறுப்புகள் விழுகிறதோ அதை வைத்துக்கொள், மறுபடி வெட்டு. காலையில் உட்கார்ந்தவன் எழுந்தபோது இருட்டிவிட்டது. இத்தனை நாள் படிப்பில் அப்படி ஒரு ஞாயிறு எனக்கு வந்ததே இல்லை.

அறை நண்பன் சொல்வது: "ஆசையெல்லாம் சரிடா, ஃபீஸ் யார் கட்டுவா?" அப்பாவிடம் இதைச் சொல்லவே இல்லை. கடன் பத்திரத்தில் கூட்டுக் கையெழுத்து அவருடையது.

ட்ராப் படிவம் மேசையில் இருக்கு. பத்து நாள் அவகாசம். என்ன பண்ணலாம்?

பழைய_ரசீது:

தம்பி, படிக்கும்போது நிதி உதவி அலுவலகத்தில் பகுதி நேரமாக இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். அழுதுகொண்டு வந்தவர்களில் பெரும்பாலோர் ஸ்காலர்ஷிப் கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் படித்தவர்கள். முதல் பக்கத்தில் வாழ்த்து இருக்கும், நிபந்தனை இரண்டாம் பக்கத்தில் இருக்கும்.

முதலில் உன் கணக்கைப் போடுவோம். 60 × 8.14 = 488.4 புள்ளி. இந்த செமஸ்டர் 20 கிரெடிட் சேர்ந்தால் மொத்தம் 80. 8.0 நிற்க 640 வேண்டும். அதாவது இந்த செமஸ்டரில் 151.6 எடுக்கணும், சராசரி 7.58. மற்ற நாலு பாடத்தில் என்ன வரும் என்று நினைக்கிறாய்? எல்லாமே 4 கிரெடிட்டா?

அடுத்து, கடிதத்தில் இரண்டு விஷயம் பார். 8.0 என்பது ஒட்டுமொத்தமா, இல்லை ஒவ்வொரு செமஸ்டருக்கும் தனியாகவா? இரண்டாவது, ஒரு செமஸ்டருக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிரெடிட் முடிக்கணும் என்று ஒரு வரி இருக்கும். ட்ராப் பண்ணுகிறவர்கள் தடுக்கி விழுவது அந்த வரியில்தான். அமெரிக்காவில் மத்திய அரசு நிதி உதவிக்கே இப்படி ஒரு விதி உண்டு. படிப்புக்கு விதித்த காலத்தைப் போல ஒன்றரை மடங்குக்குள் முடித்தாகணும். அதனால் எடுத்த கிரெடிட்டில் சுமார் 67% தேறியிருக்கணும் என்று வைத்திருப்பார்கள். நடுவில் விட்ட பாடம் 'எடுத்தது' கணக்கில் ஏறும், 'தேறியது' கணக்கில் ஏறாது.

கடைசிபெஞ்ச்_கணக்கு:

எல்லாமே 4 கிரெடிட் அக்கா. இரண்டில் 9 வரும், இரண்டில் 8. கடிதம் வீட்டில் இருக்கு, தங்கையிடம் போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கேன்.

நூலகத்_தூண்:

அப்படியென்றால் பயமே தேவையில்லையே! 9+9+8+8 = 34, நாலால் பெருக்கினால் 136. இன்னும் 15.6 போதும், அதாவது அனாலிசிஸில் கிரேடு 3.9. அப்படி ஒரு கிரேடே கிடையாது. தேர்ச்சிக்கான குறைந்தபட்ச 5 வாங்கினாலே 644.4 / 80 = 8.055. நிற்கிறது.

ஃபெயில் ஆனால்தான் 7.8-க்கு இறங்கும். ஆக உன் கேள்வி "நல்ல கிரேடு வருமா" இல்லை, "பாஸ் ஆவேனா" என்பதுதான்.

மூன்றாம்_முறை:

நூலகத்_தூண் கணக்கு சரி, ஆனால் ஆபத்தைத் தப்பான இடத்தில் தேடுகிறார். நான் இதில் அடிபட்டவன். என்னைக் கவிழ்த்தது கஷ்டமான பாடம் இல்லை, மற்ற நாலும்தான். ஞாயிறு முழுக்க ஒரே தேற்றத்தோடு உட்கார்ந்தால் மற்ற அசைன்மென்ட்டை யார் எழுதுவது? நாலிலும் ஒவ்வொரு கிரேடு சறுக்கினால் 136 என்பது 120 ஆகிவிடும். அப்போது அனாலிசிஸில் 31.6 வேண்டும், கிரேடு 7.9. மிட்-செம்மில் 11 எடுத்தவனுக்கு அது நடக்கிற காரியமா? இரண்டில் மட்டும் சறுக்கினால் 128, அப்போ 6 எடுத்தால் தப்பலாம். ஞாயிறு அனாலிசிஸுக்கு, சரி. சனியைக் கொடுத்துவிடாதே.

எனக்கு ஸ்காலர்ஷிப் போனது 0.04-ல். முறையீடு எழுதினேன். பதில் வர ஆறு வாரம், பதில் ஒரே வரி. அதற்குள் கட்டணக் கெடு முடிந்து, கடன் தொகையைக் கூட்ட வேண்டியதாகிவிட்டது.

கடன் கணக்கையும் பார்த்துக்கோ. 10% வட்டி என்று வைத்துக்கொள். இன்றைக்கு 100 வாங்கினால், படிப்பு முடிய 2 வருடம், அதன் பிறகு அவகாசம் 1 வருடம். வட்டி வருடா வருடம் அசலில் சேர்ந்தால் 133. அதைப் பத்து வருட மாதத் தவணையாகக் கட்டினால் கையை விட்டுப் போவது மொத்தம் சுமார் 211. படிக்கும்போதும் அந்த அவகாச வருடத்திலும் வட்டியை மட்டுமாவது கட்டிவிட்டால் அசல் 100-லேயே நிற்கும், எல்லாம் சேர்த்து சுமார் 189. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

(ஆஸ்திரேலியாவில் 1989-லிருந்து வேறு மாதிரி: வருமானம் ஒரு அளவைத் தாண்டினால்தான் வரியோடு சேர்த்துப் பிடிப்பார்கள். அதிலும் வலி உண்டு. 2023-ல் விலைவாசியைக் காட்டி பாக்கியை 7.1% ஏற்றினார்கள், எல்லாரும் கொதித்த பிறகு சட்டம் போட்டுக் குறைத்தார்கள்.)

மழைக்கால_மாணவி:

நான் எதிர்ப்பக்கம். நிபந்தனைக்குப் பயந்து எட்டு செமஸ்டரும் "ஈஸி" பாடமாகப் பொறுக்கி எடுத்தவள். எந்த ஆசிரியர் கை தாராளம் என்று சீனியர்களிடம் ஒரு பட்டியல் சுற்றும், அதுதான் எனக்கு பாடத்திட்டம். கடைசியில் 8.9. பொருளியலில் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது முதல் கேள்வியே "ரியல் அனாலிசிஸ் படித்திருக்கிறீர்களா?" பிறகு ஒரு செமஸ்டர் தனியாகச் சேர்ந்து, எந்த உதவியும் இல்லாமல் முழுக் கட்டணம் கட்டிப் படித்தேன். மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விட்டது.

நான் மட்டும் இப்படி என்று நினைத்தேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1993-ல் லாட்டரி வருமானத்தில் 'ஹோப்' என்று ஒரு ஸ்காலர்ஷிப் தொடங்கினார்கள். சராசரி (அங்கே நாலுக்கு) 3.0-க்குக் குறையாமல் வைத்திருந்தால்தான் தொடரும். அங்கே பல்கலைக்கழக மாணவர்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்த பொருளியலாளர்கள் கண்டது: முழு எண்ணிக்கையில் பாடம் எடுப்பது குறைந்தது, நடுவில் விடுவது கூடியது, பாடங்களைக் கோடைக்குத் தள்ளுவதும் கூடியது. நல்லா படிக்கட்டும் என்று கொடுத்த காசு, குறைத்துப் படிக்கப் பழக்கியிருக்கு.

எம்.ஐ.டி.யில் முதலாண்டு முதல் செமஸ்டருக்கு கிரேடே போடுவதில்லை. தேறினால் தேர்ச்சி, தேறாவிட்டால் வெளியே போகும் சான்றிதழில் அந்தப் பாடமே இருக்காது. உங்கள் இடத்தில் 'பாஸ்/ஃபெயில்' வசதி இருந்தால் கேள். ஆனால் அந்த கிரெடிட்டை ஸ்காலர்ஷிப் கணக்கில் சேர்ப்பார்களா என்பதை எழுத்தில் வாங்கு. வாய்ச்சொல்லை நம்பாதே.

கடைசிபெஞ்ச்_கணக்கு:

தங்கை போட்டோ அனுப்பிவிட்டாள். பழைய_ரசீது அக்கா, உங்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். இரண்டாம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி: "ஒவ்வொரு செமஸ்டரிலும் குறைந்தது 18 கிரெடிட் முடித்திருக்க வேண்டும்."

நான் ட்ராப் பண்ணினால் 16. புதுப் பாடம் சேர்க்கும் கெடு இரண்டாவது வாரத்தோடு முடிந்துவிட்டது. ஸ்காலர்ஷிப்பைக் காப்பாற்ற ட்ராப் பண்ணி, ட்ராப் பண்ணியதாலேயே அதை இழந்திருப்பேன். 8.0 ஒட்டுமொத்தம்தான், வருடக் கடைசியில் பார்ப்பார்கள். 'பாஸ்/ஃபெயில்' இங்கே இல்லை, கேட்டாச்சு.

பாஸ் கணக்கு: மிட்-செம் 11, அசைன்மென்ட் 20-க்கு 14 வரும், ஆக 25. தேர்ச்சிக்கு 40. இறுதித் தேர்வில் 50-க்கு 15 வேண்டும்.

மூன்றாம்_முறை அண்ணா, சனிக்கிழமை மற்ற நாலுக்கும். எழுதி சுவரில் ஒட்டிவிட்டேன். சாரிடம் நாளைக்கு நேரம் வாங்கியிருக்கேன். மிட்-செம்மின் மூன்றாவது கேள்வியைத் திரும்ப எழுதிக்கொண்டு போறேன். இந்த முறை முதல் வரியிலேயே எப்சிலான் இருக்கு. அப்பாவிடம் மட்டும் இன்னும் சொல்லலை.

பழைய_ரசீது:

அப்பாவிடம் இன்றைக்கே சொல்லு. கையெழுத்து போட்டவர் அவர்.