முப்பந்தலில் பழைய காற்றாலையை மாற்ற பக்கத்துக்காரர் சம்மதம் எதற்கு?

நூல்கட்டு:
ராஜபாளையத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு நூற்பு மில். 1995ல் அப்பா முப்பந்தலில் 250 கிலோவாட் காற்றாலை ஒன்று போட்டார். அன்றைக்கு முதல் வருடமே முழு விலையையும் வருமான வரிக் கணக்கில் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். அதனால் அப்பா காற்றைப் பார்த்துப் போகவில்லை, ஆடிட்டர் சொல்லித்தான் போனார். இப்போது இரண்டாவது தடவையாக கியர் பாக்ஸ் போய்விட்டது. கழற்றிவிட்டு, இறக்கை சுற்றும் வட்டம் 120 மீட்டர் விட்டத்தில் புதிது நிறுத்தலாம், ஆனால் சுற்றியுள்ள எல்லாரும் சேர்ந்து வரவேண்டும் என்கிறார் ஒரு கம்பெனிக்காரர். இடம் எங்களுடையது, காற்று எங்களுடையது. மற்றவர்கள் எதற்கு?

ஆரல் மெக்கானிக்:
தம்பி, இடம் உங்களுடையது, காற்று இல்லை. 22 வருடம் அந்த டவர்களில் ஏறி இறங்கியவன் சொல்கிறேன். ஜூன் மாதம், முன்வரிசை முழுவேகத்தில் சுற்றும்போது அதன் நேர் பின்னால் உள்ள டவரில் ஏறிப் பாருங்கள். முதுகை வைத்துச் சாய்ந்தால் அதிர்வு பல்லில் தெரியும். யூனிட்டும் குறைவாகத்தான் வரும். முன்னால் இருப்பது சக்தியை எடுத்துக்கொண்டு கலங்கிய காற்றைப் பின்னால் தள்ளுகிறது. போல்ட் முறுக்க நான் அதிகம் ஏறியதெல்லாம் பின்வரிசைக்குத்தான்.

டென்மார்க்கின் ரிஸோ ஆய்வுக்கூடத்தில் என்.ஓ. ஜென்சன் என்பவர் 1983லேயே இதைக் கணக்காக்கிவிட்டார். கலங்கிய காற்று கூம்பு மாதிரி விரிந்துகொண்டே போகும், போகப்போக வேகம் மீளும் என்பதுதான் சாரம். சின்னக் குறிப்புதான், இன்றைக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். நம்மூரில் காற்றின் திசையில் விட்டத்தைப்போல் 7 மடங்கு, குறுக்கே 5 மடங்கு இடைவெளி விடுவது வழக்கம். உங்களுடையது சுமார் 30 மீட்டர் விட்டம் இருக்கும், எட்டு ஏக்கர் போதும். 120 மீட்டர் என்றால் 840க்கு 600, கிட்டத்தட்ட 125 ஏக்கர். அதற்குள் எத்தனை பேருடைய டவர் நிற்கிறது, எண்ணிப் பாருங்கள்.

நூல்கட்டு:
அண்ணே, இறக்கை வீசும் பரப்பும் 16 மடங்கு, கேட்கும் இடமும் 16 மடங்கு. அப்புறம் லாபம் எங்கே?

ஆரல் மெக்கானிக்:
மில் நடத்துகிறவர் கேட்கிற கேள்வி! லாபம் உயரத்தில். 30 மீட்டர் உயரத்தில் மரமும் வீடும் தடுக்கும், 120 மீட்டர் உயரத்தில் அது இல்லை. வேகம் கால்பங்கு கூடினாலே காற்றின் சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு.

பழசை மட்டமாகப் பேசவும் மனசு வரவில்லை. அந்த மூன்று இறக்கை வடிவத்தின் வேர் டென்மார்க்கின் கெட்ஸரில் யோஹானஸ் யூல் 1957ல் நிறுத்திய 200 கிலோவாட் காற்றாலை. பத்து வருடம் பெரிய பராமரிப்பில்லாமல் ஓடி நின்றுபோனதை, எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவின் நாசா கேட்டுக்கொண்டதால் மறுபடி ஓடவிட்டு அளவெடுத்தார்கள். நம் கயத்தாறு காற்றாலை சோதனை நிலையத்துக்கும் டென்மார்க் அரசின் உதவி உண்டு.

பழைய பேங்கர்:
கம்பெனிக்காரர் காட்டும் யூனிட் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். கம்பம் நட்டுக் காற்றின் வேகத்தை அளந்ததா, எந்த உயரத்தில், எத்தனை மாதம் என்று கேளுங்கள். ஆடி மாதம் மட்டும் அளந்தால் யார் வீட்டு மொட்டை மாடியிலும் காற்றாலை ஓடும். 2024ல் தமிழக அரசு பழைய காற்றாலைகளை மாற்றவும் ஆயுளை நீட்டிக்கவும் கொள்கை வெளியிட்டிருக்கிறது, கையெழுத்துக்கு முன் படித்துவிடுங்கள்.

நூல்கட்டு:
125 ஏக்கருக்குள் எங்களோடு சேர்த்து ஒன்பது டவர். எட்டு பேருக்கும் போன் போட்டேன், ஆறு பேர் எடுத்தார்கள். ஒருவர் மில்லையே மூடிவிட்டார், காற்றாலை மட்டும் சுற்றுகிறது. அந்தப் பணம் யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் கேஸ்.

ஆரல் மெக்கானிக்:
கேஸ் முடிகிறவரை காற்று நிற்காது தம்பி. மே மாதத்துக்குள் கியர் பாக்ஸை ரிப்பேர் பண்ணி ஏற்றிவிடுங்கள்.