அழகான எஸ்யூவி எது, அவலட்சணமான எஸ்யூவி எது?

பானெட்வாசி:
என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழகில் முதலிடம், 1970-ல் வந்த முதல் தலைமுறை ரேஞ்ச் ரோவர். அவலட்சணத்தில் முதலிடம், போன்டியாக் ஆஸ்டெக். மறுப்பவர்கள் காரணத்தோடு வரவும். "எனக்குப் பிடிக்கும்" என்பது காரணம் ஆகாது.

ரேஞ்ச் ரோவரைப் பக்கவாட்டில் பாருங்கள். பானெட்டில் கிளம்பும் கோடு வளையாமல் நெளியாமல் பின்கதவு வரை போகிறது. கண்ணாடிப் பரப்பு தாராளம், கூரையைத் தாங்கும் தூண்கள் மெல்லியவை. பானெட்டின் இரண்டு மூலையிலும் கோட்டை மதில் மாதிரி ஒரு சின்ன மேடு இருக்கும். ஓட்டுபவருக்கு வண்டியின் முனை எங்கே முடிகிறது என்பது இருக்கையில் இருந்தே தெரியும். பொறியாளர் ஸ்பென் கிங்கின் குழு போட்ட அடிப்படை வடிவத்தில் ஸ்டைலிங் ஆட்கள் கைவைத்தது கொஞ்சம்தான். லூவர் அருங்காட்சியகத்திலேயே காட்சிக்கு வைத்தார்கள்.

ஆஸ்டெக் 2001 மாடல். அடியில் இருப்பது மினிவேனின் அடிச்சட்டம் (பிளாட்ஃபார்ம்). அதன்மேல் உயரமான, பருத்த உடம்பை ஏற்றினார்கள். சக்கரங்களோ சின்னவை, உள்ளே ஒடுங்கி நிற்கின்றன. அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. முகத்தில் விளக்கு இரண்டு அடுக்கு, போதாததற்குச் சுற்றிலும் சாம்பல் நிற பிளாஸ்டிக்.

டீசல்மணி:
ஆஸ்டெக்கை அடிப்பது சுலபம், எல்லோரும் அடித்தாயிற்று. ஆனால் அதன் பின்பக்கத்தோடு இணைத்துக்கொள்ள ஒரு கூடாரம் வந்தது, முன் இருக்கைகளுக்கு நடுவே இருந்த பெட்டியைக் கழற்றினால் குளிர்பெட்டி ஆகும். அசிங்கமாக இருந்தாலும் வேலை செய்தது.

என் கணக்கில் மோசமானது 2008-ல் வந்த பிஎம்டபிள்யூ எக்ஸ்-6. எஸ்யூவியின் உயரமும் எடையும் அப்படியே இருக்கின்றன. கூரையை மட்டும் கூப்பே எனப்படும் ஸ்போர்ட்டி கார் மாதிரி பின்னால் சரித்துவிட்டார்கள். பின்னால் உட்காருபவருக்குத் தலை இடிக்கும், டிக்கியில் உயரமான சாமான் வைக்க முடியாது. இடத்துக்காக வாங்கும் வண்டியில் இடத்தைப் பிடுங்கி அதற்கு ஸ்டைல் என்று பெயர். அப்புறம் மெர்சிடீஸ் ஜிஎல்இ கூப்பே, போர்ஷே கயென் கூப்பே என்று வரிசையாக அதையே செய்தார்கள்.

அழகென்றால் 1977-ன் லாடா நீவா. வேண்டாத கோடு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

நைட்கியர்:
இரண்டு பேரும் பழசையே பேசுகிறீர்கள். இன்றைய எஸ்யூவிகளைக் கெடுத்தது விளக்கைப் பிரித்து வைத்த பழக்கம். 2010-ல் நிஸான் ஜூக் வந்தது. உண்மையான ஹெட்லைட் கீழே பம்பர் பக்கம் உருண்டையாக, மேலே இறக்கையில், அதாவது சக்கரத்தை மூடும் மட்கார்டில், வேறொரு விளக்கு. பிறகு ஆளாளுக்கு மேலே ஒரு மெல்லிய கோடு, கீழே ஒரு பொத்தல் என்று ஆரம்பித்துவிட்டார்கள். எங்கே பார்த்துப் பேசுவது என்றே தெரியவில்லை.

டீசல்மணி:
நீவாவில் ஹெட்லைட்டுக்கு மேலேதான் இண்டிகேட்டர் இருக்கிறது தம்பி. 1977-லேயே இரண்டு அடுக்கு.

நைட்கியர்:
அங்கே உருண்டை ஹெட்லைட்தான் கண்ணில் படுகிறது, மேலே இருப்பது சின்னத் துணை. ஜூக்கில் எது கண், எது புருவம் என்று குழப்பம். 2013-ல் ஜீப் செரோக்கி இதே வேலையைச் செய்தது. ஏழு துவார கிரில்லை மூக்கு மாதிரி நடுவில் மடித்து, மேலே கீற்று விளக்கு போட்டார்கள். 2018-ல் அவர்களே சாதாரண ஹெட்லைட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். இதைவிடச் சாட்சி வேண்டுமா?

டீசல்மணி:
அது கண்ணின் பழக்கத்துக்குத்தான் சாட்சி. அதே ஜீப்பில் 1987-ல் ரேங்ளர் ஒய்ஜே சதுர விளக்கோடு வந்தது. உண்மையான ஜீப்புக்கு வட்ட விளக்குதான் என்று ரசிகர்கள் வண்டியில் ஸ்டிக்கரே ஒட்டினார்கள். 1997 மாடலில் வட்டம் திரும்ப வந்தது. ஆனால் ஆதியில் அந்த வட்டம் எங்கிருந்து வந்தது? 1940 முதல் அமெரிக்காவில் எல்லாக் காருக்கும் ஒரே அளவு 7 அங்குல வட்ட சீல்டு பீம் விளக்கு. சட்டம் கொடுத்த வட்டத்தை நாம் அழகு என்று கும்பிடுகிறோம்.

பானெட்வாசி:
அண்ணே, நீங்களே என் கட்சிக்கு வாதாடுகிறீர்கள். விளக்கு மாறும், திரும்ப வரும். செரோக்கியில் விளக்கை மாற்றியதும் வண்டி பார்க்கும்படி ஆயிற்று, ஏனென்றால் அடியில் அளவு சரியாக இருந்தது. ஆஸ்டெக்கிலும் முயற்சி செய்தார்கள். 2002 மாடலில் அந்தச் சாம்பல் பிளாஸ்டிக்குக்கு உடம்பின் நிறத்தையே அடித்தார்கள். தேறவில்லை. பெயின்ட் அடித்துச் சக்கரத்தை வெளியே தள்ள முடியாது.

இசுசு வெஹிகிராஸைப் பாருங்கள், 1997. பாதி உடம்பு வரை கறுப்பு பிளாஸ்டிக். ஆஸ்டெக்கில் திட்டிய அதே சமாசாரம்தான். ஆனால் சக்கரம் பெரிசு, சக்கரங்களைத் தாண்டி முன்னும் பின்னும் உடம்பு நீட்டிக்கொண்டிருப்பது குறைவு. இன்றைக்குப் புதிதாக வந்தது என்று சொன்னாலும் நம்புவார்கள்.

மேடுபள்ளம்:
சுஸுகி எக்ஸ்-90 பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே! இரண்டே இருக்கை, கழற்றும் கூரை, செடான் மாதிரி டிக்கி, அடியில் ஃபோர் வீல் டிரைவ். யாருக்காகச் செய்தார்கள் என்று அவர்களிடமே கேட்க வேண்டும்.

நைட்கியர்:
அதைப் பார்த்தால் சிரிப்பு வரும், கோபம் வராது. போட்டியில் சேர்க்க வேண்டாம்.

மேடுபள்ளம்:
சரி, டீசல்மணி அண்ணனுக்கு ஒரு கேள்வி. வேலை செய்வதுதான் அழகு என்றால் 1991-ன் டாடா சியராவை என்ன செய்வீர்கள்? பின்னால் உட்காருபவருக்குத் தனிக் கதவு இல்லை, ஜன்னல் திறக்காது. ஆனால் அந்தப் பக்கக் கண்ணாடி கூரைக்குள் வளைந்து ஏறுகிறதே, அதற்காகவே அந்த வண்டியை இன்றுவரை பேசுகிறார்கள். பானெட்வாசியின் ரேஞ்ச் ரோவரில்கூட 1981 வரை பின் இருக்கைக்குத் தனிக் கதவு கிடையாது.

டீசல்மணி:
சியராவில் வளைவு வெளிச்சத்தைக் கொண்டுவந்தது, பின்னால் இருப்பவருக்கு வானம் தெரிந்தது. எக்ஸ்-6-ல் வளைவு என்ன கொண்டுவந்தது?

மெர்சிடீஸ் ஜி-கிளாஸிலும் என் கோபம் இதுதான். 1979-ல் தட்டையான கண்ணாடி, வெளியே தெரியும் கதவுக் கீல், இறக்கையின் மேல் இண்டிகேட்டர் எல்லாம் வேலைக்காக வந்தவை. 2018-ல் வண்டியையே புதிதாகச் செய்தவர்கள் கீலையும் இண்டிகேட்டரையும் அதே இடத்தில் வைத்தார்கள். இப்போது அது வேஷம்.

பானெட்வாசி:
கண் வரலாறு படிப்பதில்லை. 1979-ல் அந்தக் கீல் அழகாக இருந்தால் 2018-லும் அழகுதான். போர்ஷே கயென் 2002-ல் வந்தபோது நோக்கத்தில் என்ன குறை? நன்றாக ஓடியது, கம்பெனிக்குப் பணம் கொட்டியது. இருந்தும் அவர்களுடைய ஸ்போர்ட்ஸ் கார் 911-ன் தாழ்ந்த முகத்தை அந்த உயரத்தில் தூக்கி மாட்டியது ஒட்டவே இல்லை. 2010-ன் இரண்டாம் தலைமுறையில்தான் பார்க்கும்படி வந்தது.

என் சோதனை சுலபம். பக்கவாட்டுப் படம் எடுங்கள், லோகோவையும் விளக்கையும் மறையுங்கள். சக்கரம் உடம்பைத் தாங்குகிறதா, உடம்பு சக்கரத்தை அமுக்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நைட்கியர்:
மூஞ்சியை மறைத்துவிட்டால் பிஎம்டபிள்யூ எக்ஸ்எம் கூடப் பாஸ் ஆகிவிடுமே சார்.

டீசல்மணி:
ஆகாது. அதில் பின்பக்கத்தையும் சேர்த்து மறைக்க வேண்டும்.