இழை: பனி ஹாக்கியில் ‘அசிஸ்ட்’ – அவசரம்

பொடிநடை எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம். பனி ஹாக்கி பற்றிய கட்டுரை ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தருவதாக ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டேன். வாஷிங்டன் கேபிடல்ஸின் ஒவெச்கினையும் பிட்ஸ்பர்க் பென்குயின்ஸின் கிராஸ்பியையும் எண்களை வைத்து எடைபோடும் கட்டுரை. இருவருக்கும் 2005-06 தான் முதல் பருவம். அந்தக் கணக்கு இப்படி: ஒவெச்கின் 52 கோல், 54 அசிஸ்ட் (சக வீரர் கோல் அடிக்க வழிசெய்து கொடுத்தது), ஆக 106 புள்ளி. கிராஸ்பி 39 கோல், 63 அசிஸ்ட், ஆக 102 புள்ளி.

கோல், புள்ளி இரண்டிலும் சிக்கல் இல்லை. அசிஸ்ட்டுக்கு என்ன போடுவது? ‘உதவி’ என்று எழுதிப் பார்த்தேன். “ஒவெச்கின் 54 உதவிகள் செய்தார்” என்று வந்தது. நிவாரண நிதி அறிக்கை போல இருக்கிறது. அட்டவணைத் தலைப்பிலும் உட்கார வேண்டிய சொல், ஆகவே குட்டையாக இருந்தால் நல்லது.

வழுவமைதி எழுதியது:

தம்பி, கோலில் சிக்கல் இல்லை என்று யார் சொன்னது? கோல் என்றால் தமிழில் தடி. செங்கோல், ஊன்றுகோல், அளவுகோல் எல்லாம் அந்த வழி வந்தவை. இந்த ஆட்டத்தில் ஆளுக்கொரு கோல் கையில் இருக்கிறது. கோலால் கோல் அடித்தான் என்று எழுதினால் படிப்பவன் எதை எண்ணுவான்? ‘இலக்கு’ என்று எழுதுங்கள். ‘வளைகோல் பந்தாட்டம்’ என்ற பழைய பெயரும் இங்கே செல்லாது, ஏனென்றால் பனியில் பந்தே இல்லை. ஓடுவது கெட்டி ரப்பர் வில்லை. அதற்கு ‘வட்டு’ என்று பெயர் வைக்கலாம், குறளிலேயே இருக்கிற சொல். அங்கே அது கட்டம் வரைந்து ஆடும் காய்தான், ஆனாலும் வட்டும் அரங்கும் ஒன்றாக வருவது நமக்குத் தோது.

அரைப்புள்ளி எழுதியது:

ஐயா, அவர் கேட்டது அசிஸ்ட்டுக்கு. இருபது வருடமாக எல்லாச் செய்தித்தாளிலும் கோல், கோல் என்றுதான் வருகிறது. ‘இலக்கு’ என்று போட்டால் கிரிக்கெட்டில் துரத்த வேண்டிய ஓட்டம் என்று நினைப்பார்கள். வட்டுக்கு மட்டும் என் ஓட்டு உண்டு.

அசிஸ்ட்டுக்கு ‘உதவி’யே போதும். கால்பந்துச் செய்திகளில் “கோல் அடிக்க உதவினார்” என்று எழுதிக்கொண்டுதானே இருக்கிறோம்? வாசகர் ஒருமுறைகூட முழிக்கவில்லை.

மூன்றாம்பாதி எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் சொல்லாய்வாளன் இல்லை, ஆட்டம் பார்க்கிறவன். ‘உதவி’யில் எனக்கு ஒரு மனக்குறை.

கால்பந்தில் அசிஸ்ட் என்பது கோல் அடித்தவருக்குக் கிடைக்கிற ஒத்தாசை, தனிக்கணக்கு. அதை யாரும் கோலோடு கூட்டி வீரரின் புள்ளி என்று சொல்வதில்லை. பனி ஹாக்கியில் கூட்டுகிறார்கள். கோலுக்கு ஒரு புள்ளி, அசிஸ்ட்டுக்கும் அதே ஒரு புள்ளி. அதுவும் ஒரு கோலுக்கு இரண்டு பேர் வரை அசிஸ்ட் வாங்கலாம். அடித்தவருக்கு முன்னால் வட்டைத் தொட்ட சக வீரர், அவருக்கும் முன்னால் தொட்டவர். இடையில் எதிரணி வட்டைத் தன்வசப்படுத்தியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு கோல் விழுந்தால் மூன்று புள்ளி வரை பிறக்கிறது.

பழைய ஆட்டக்காரர் கிரெட்ஸ்கியைப் பாருங்கள். 1,487 ஆட்டம், 894 கோல், 1,963 அசிஸ்ட். அவர் அடித்த கோல் அத்தனையையும் அழித்துவிட்டு அசிஸ்ட்டை மட்டும் விட்டுவைத்தாலும் புள்ளிப் பட்டியலில் அவரே முதலிடம், ஏனென்றால் அடுத்து நிற்கும் யாகருக்கு கோலும் சேர்த்தே 1,921 தான். அப்படிப்பட்ட மனிதரை ‘உதவியாளர்’ ஆக்கிவிடாதீர்கள்.

வழுவமைதி எழுதியது:

மூன்றாம்பாதி அவர்கள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். உதவி என்றதுமே ஒருவன் மேல், ஒருவன் கீழ் என்று ஆகிவிடுகிறது. நமக்கு வேண்டியது சமமானவனுக்குச் சமமானவன் கொடுப்பது. தொல்காப்பியம் இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. ‘ஈ’ என்பது இழிந்தோன் கூற்று, ‘தா’ என்பது ஒப்போன் கூற்று, ‘கொடு’ என்பது உயர்ந்தோன் கூற்று. ஒரே அணியில் ஆடுகிற இருவர் ஒப்போர். ஆகவே வேர் ‘தா’. அதிலிருந்து ‘தரவு’ என்று ஆக்கலாம், ஆனால் கணினிக்காரர்கள் ஏற்கெனவே அதைக் கொண்டுபோய்விட்டார்கள். எனவே ‘தருகை’.

‘ஈவு’ என்று யாராவது கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். அது வகுத்தலில் கிடைக்கும் விடை. மொத்தப் புள்ளியை ஆட்ட எண்ணிக்கையால் வகுக்கிற இந்தக் கட்டுரையில் அது வந்தால் குட்டை குழம்பும்.

அரைப்புள்ளி எழுதியது:

ஐயா, அந்த மூன்றும் இரவின் கிளவி, கேட்பவன் வாயில் வருகிற சொற்கள். யார் கேட்கிறான் என்பதை வைத்துப் பிரித்தது அந்த நூற்பா. கொடுப்பவனுக்கு அதில் இடம் ஏது? அசிஸ்ட் வாங்குகிறவன் வட்டைக் கொடுக்கிறவன்தானே!

மூன்றாம்பாதி எழுதியது:

அம்மா, பனியிலும் கேட்கத்தான் செய்கிறார்கள்! ஆளில்லாத இடத்தில் நிற்கும் வீரர் மட்டையால் தரையைத் தட்டுவார். டக், டக். ‘இங்கே தா’ என்று அதற்குப் பொருள்.

எதிரணி ஆள் ஒருவர் விதிமீறியதற்காகத் தண்டனைப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது ஒவெச்கின் நிற்கிற இடத்தைக் கவனியுங்கள். வருடக்கணக்காக ஒரே இடம், பனியில் வரைந்திருக்கும் இடப்பக்க வட்டம். ரசிகர்கள் அதை அவருடைய ‘ஆபீஸ்’ என்பார்கள். சக வீரர் பேக்ஸ்ட்ரோம் ஆடிய காலத்தில் அவர் வலப்பக்கப் பலகையோரம் வட்டை வைத்துக்கொண்டு, பார்க்காதவர் போல நிற்பார். ஒவெச்கின் ஒரு முழங்காலைத் தாழ்த்தி, மட்டையைப் பின்னால் ஓங்கியபடி காத்திருப்பார். வட்டு குறுக்கே வரும், வந்த வேகத்தில் நிறுத்தாமல் அடிப்பார். தடுக்க வேண்டிய நான்கு பேருக்கும் அவர் அங்கேதான் நிற்பார் என்று தெரியும். தெரிந்தும் கோல் விழும். அதில் பாதி வேலை எதிர்ப்பக்கத்தில் நின்றவருடையது. அதை ‘உதவி’ என்பதா?

பொடிநடை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஆனால் பிரச்சினை கூடிவிட்டது. புள்ளியில் சிக்கல் இல்லை என்று முதல் மடலில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அணிகளின் தரவரிசையிலும் புள்ளிதான் வருகிறது. வென்றால் 2, கூடுதல் நேரத்தில் தோற்றால் 1. ஒரே பத்தியில் “பென்குயின்ஸ் இத்தனை புள்ளி, கிராஸ்பி 102 புள்ளி” என்று வரும்போது தலை சுற்றுகிறது. ‘அணிப்புள்ளி’, ‘ஆள்புள்ளி’ என்று பிரிக்கலாமா?

அரைப்புள்ளி எழுதியது:

ஆள்புள்ளி வேண்டாம், ‘பெரிய புள்ளி’ நினைவுக்கு வருகிறது. முதல் இடத்தில் மட்டும் ‘வீரர் புள்ளி’ என்று எழுதிவிட்டு அப்புறம் வெறும் புள்ளி போதும்.

வழுவமைதி எழுதியது:

புள்ளி என்பது மெய்யெழுத்தின் தலையில் நிற்பது. ‘புள்’ என்னும் வேரிலிருந்து பொள், பொளி, பொறி எனப் பிறக்கும் சொற்கள் எல்லாமே குத்துதல், துளைத்தல் என்ற பொருளுடையவை. ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்பதால்தான் எழுதாமலே விட்டார்கள் என்பார்கள். ஆக, வலையைத் துளைக்கிற கோலுக்குப் புள்ளி என்ற சொல் பொருந்தும், அசிஸ்ட்டுக்குப் பொருந்தாது…

மூன்றாம்பாதி எழுதியது:

ஐயா, கோல் விழுந்தால் வலை கிழிவதில்லை.

பொடிநடை அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டு நிறுத்திவிடாதீர்கள், ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்பதையும் போடுங்கள். இன்னொரு பழைய ஆட்டக்காரர் லெமியூ 915 ஆட்டத்தில் 1,723 புள்ளி, ஆட்டத்துக்கு 1.88. கிரெட்ஸ்கிக்கு 1.92. மொத்தத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், சராசரியில் ஒரு விரற்கடை. அப்புறம் 2009 பிளேஆஃப் (பருவ முடிவில் நடக்கும் வெளியேற்றுச் சுற்று) கட்டுரையில் வருகிறதா? மே 4 அன்று ஒவெச்கின் மூன்று கோல், கிராஸ்பியும் மூன்று கோல், 4-3 என்று கேபிடல்ஸ் வென்றது. தொடர் முடிவில் ஒவெச்கின் 8 கோல் 6 அசிஸ்ட், கிராஸ்பி 8 கோல் 5 அசிஸ்ட். கணக்கில் ஒரு புள்ளி கூடுதலாக வைத்திருந்தவர் தொடரில் தோற்று வீட்டுக்குப் போனார்.

பொடிநடை எழுதியது:

வருகிறது. அந்த 6-க்கும் 5-க்கும் தலைப்பு இல்லாமல்தான் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். நாளை காலை அனுப்ப வேண்டும். தனிமடல்களையும் சேர்த்து எண்ணிவிட்டேன். உதவி 7, தருகை 3, ‘அசிஸ்ட் என்றே விடு’ 2, ‘துணைக்கோல்’ 1. (துணைக்கோல் அனுப்பியவர் மன்னிக்க வேண்டும், ஊன்றுகோல் மாதிரி கேட்கிறது.)

உதவி என்றே போடுகிறேன். “54 உதவிகள் செய்தார்” என்று எழுதாமல் “54 கோல்களுக்கு உதவினார்” என்று எழுதினால் நிவாரண வாடை போய்விடுகிறது. அட்டவணையில் இடம் இல்லாததால் தலைப்புகள் கோ, உ, பு.

அரைப்புள்ளி எழுதியது:

மிக்க மகிழ்ச்சி. இழையை மூடலாம்.

வழுவமைதி எழுதியது:

மூடுவதற்கு முன் ஒன்று. ‘கோ’ அரசன். ‘உ’வைத் தமிழ் எண்ணில் இரண்டு என்று படிப்பார்கள். ஓர் அசிஸ்ட்டுக்கு இரண்டு புள்ளி என்று எவனாவது கணக்குப் போட்டால் அந்தப் பழி என் தலையில் விழக்கூடாது. ‘த’ என்றால் இந்தத் தொல்லை இல்லை. என் வாக்கு தருகைக்கே, எண்ணிக்கையில் மூன்று என்றே இருக்கட்டும்.

மூன்றாம்பாதி எழுதியது:

நான்கு ஐயா. என் வாக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.