18 வயதுக்கு முன் ஹார்மோன் கொடுத்தால் வழக்கு யார் மேல்?

ஓசூர் சித்தி:
என் அக்கா பிள்ளைக்கு 16 வயது. பெண்ணாகப் பிறந்தவன், மூன்று வருடமாகத் தன்னை ஆண் என்கிறான். வீட்டில் ஏற்றுக்கொண்டார்கள். பெங்களூரில் காட்டினோம். மருத்துவர், "ஹார்மோன் 18 முடியட்டும், நாளைக்கு வழக்கு வந்தால் நான்தான் நிற்கணும்" என்றுவிட்டார். பெற்றவர்களே கையெழுத்துப் போடும்போது அவருக்கென்ன பயம்?

அரூர் வக்கீல்:
பயம் நியாயம்தான் அம்மா. கையெழுத்து மட்டும் ஒப்புதல் ஆகாது. என்ன செய்கிறோம், என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்று விளக்கி வாங்க வேண்டும் என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆண் ஹார்மோனில் குரல் உடைந்தால் திரும்பாது. மைனருக்கு நேர்ந்த பாதிப்புக்கு, அவன் 18 முடித்த பிறகுதான் வழக்குக் காலக்கெடுவே ஓட ஆரம்பிக்கும்.

கிருஷ்ணகிரி நர்ஸ்:
வக்கீல் சார், கொடுத்ததால் வரும் பாதிப்பை மட்டும் எண்ணுகிறீர்கள். நான் வேலை பார்த்த இடத்துக்கு 17 வயதுத் திருநங்கைப் பிள்ளை ஒன்று வந்தது. யாரோ சொன்னார்கள் என்று பெண் ஹார்மோன் இருக்கிற கருத்தடை மாத்திரையைக் கடையில் வாங்கி ஐந்து மாதம் விழுங்கியிருக்கிறது. ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. காலில் ரத்தக்கட்டு. அதற்கு யார் மேல் வழக்குப் போடுவது?

பாலக்கோடு தகப்பன்:
பெற்றோர் சம்மதம் போதும் என்று நம் ஊர்ப் பகுதியில் இருந்துகொண்டு பேசாதீர்கள். இங்கே 16 வயதுப் பெண்ணுக்குத் தாலி ஏறுவதும் பெற்றோர் சம்மதத்தில்தான். 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்றதே.

கிருஷ்ணகிரி நர்ஸ்:
அது இடைபாலினக் கைக்குழந்தைகளுக்கு, அதாவது ஆண், பெண் என்று உடலமைப்பில் பிரித்துச் சொல்ல முடியாமல் பிறந்தவர்களுக்கு, செய்த அறுவை சிகிச்சை பற்றியது அண்ணா. பிள்ளையைக் கேட்காமல் கத்தி வைக்காதே என்றார்கள். இங்கே பிள்ளையே கேட்கிறான்.

அரூர் வக்கீல்:
சரி சிஸ்டர், அது வேறுதான். ஆனால் இங்கிலாந்தைப் பாருங்கள். பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துக்கு 16-க்குக் கீழ் உள்ளவர் புரிந்து ஒப்புக்கொள்வது கடினம் என்றது 2020 தீர்ப்பு. 2021-ல் மேல்முறையீட்டில் அது ரத்து. 2024-ல் அரசே 18-க்குக் கீழ் அந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கத் தடை போட்டது. நாலு வருடத்தில் இத்தனை மாறினால் பெங்களூர் மருத்துவர் எதை நம்பி ஹார்மோன் ஊசி போடுவார்?

ஓசூர் சித்தி:
ஊசிக்குக் காத்திருப்போம் சார். அடுத்து எப்போது வரணும் என்றுகூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டார். பிள்ளை அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

அரூர் வக்கீல்:
அது தவறு. மருத்துவப் பதிவுகளை எழுதிக் கேளுங்கள், 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது விதி. மனநல ஆலோசனை தொடரவும் தேதி வாங்குங்கள்.

ஓசூர் சித்தி:
திங்கட்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.