ஏர் ஃபில்டருக்குக் காற்றடிக்கலாமா, கூடாதா?

பழைய ஸ்பேனர்
இன்ஜினுக்குள் போகும் காற்றின் தூசியை வடிகட்டும் ஏர் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றுவது எப்படி என்று கணக்குப்பிள்ளை என்னும் அன்பர் நேற்று எழுதியதைப் படித்தேன். கழற்றுவது, துடைப்பது, மாட்டுவது என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே வந்தவர், ‘புதியது வாங்கும் முன் பழையதை டயர் கடையில் கொடுத்து இரண்டு முறை தூசி போகக் காற்றடித்துப் பயன்படுத்தினால் செலவு மிச்சம்’ என்று போகிற போக்கில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஃபில்டர் காகிதத்தைத் தொழிற்சாலையிலேயே எண்ணெயில் நனைத்து அனுப்புகிறார்கள். நுண்ணிய தூசியைப் பிடித்து வைப்பதில் பாதி வேலை அந்த எண்ணெயினுடையது. அதன்மேல் காற்றடித்தால் எண்ணெய்ப் பூச்சு கலைந்துவிடும், மடிப்புகளும் கிழியும், அதன்பிறகு ஃபில்டர் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். முப்பது ஆண்டுகள் பட்டறையில் நின்றவன் சொல்கிறேன், காற்றடிக்கக் கூடாது.

கணக்குப்பிள்ளை
பெரியவரின் அனுபவத்துக்கு வணக்கம். ஆனால் அவர் சொல்லும் எண்ணெயை நான் இதுவரை கண்ணால் கண்டதில்லை. ஆறு ஆண்டுகளாக என் வண்டியின் ஃபில்டரை நானேதான் கழற்றி மாட்டுகிறேன். பானெட்டைத் திறந்து, நான்கு கிளிப்புகளை விரலால் நெம்பினால் மூடி வந்துவிடும்; உள்ளே இருப்பது வெள்ளைக் காகிதம், தொட்டால் விரலில் தூசி ஒட்டுமே தவிர எண்ணெய் ஒட்டாது. உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, சற்றுத் தள்ளிப் பிடித்து மெதுவாகக் காற்றடித்தால் இலைச் சருகும் மண்ணும் கொட்டுகின்றன. இதுவரை இன்ஜினுக்குத் தலைவலிகூட வந்ததில்லை. பட்டறைக்காரர்களுக்கு ஃபில்டர் விற்பனை குறைந்துவிடுமோ என்ற கவலை இருக்கலாம். அது நியாயமான கவலைதான்.

ஓரமாய்ப் போகிறவன்
இருவரும் எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

பழைய ஸ்பேனர்
விற்பனைக் கவலையாம்! தம்பி, ஒரு ஃபில்டரில் எனக்கு என்ன கிடைத்துவிடும் என்று உங்கள் பெயருக்கு ஏற்றபடி கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்ற மாதம் என்னிடம் ஒரு ஸ்கூட்டர் வந்தது. சைலன்சரில் நீலப் புகை, இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் குச்சியின் நுனியில்கூட ஆயில் இல்லை. ஃபில்டர் பெட்டியின் திருகுகளைக் கழற்றிப் பார்த்தால், மடிப்புகளுக்கு நடுவே ஒரு கிழிசல், சரியாகக் காற்றுக் குழலின் வாய் அகலத்துக்கு. அதற்கு அப்பால், இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலுக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவினேன், நறநறவென்று மண். அந்த மண் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே போனால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போலத்தான். உரிமையாளரிடம் கேட்டபோது, டயர் கடையில் மாதம் ஒருமுறை காற்றடித்ததாகப் பெருமையாகச் சொன்னார். டயர் கடைக் கம்ப்ரசரில் இருப்பது 100 பி.எஸ்.ஐ.க்கும் மேற்பட்ட அழுத்தம், அது வாயால் ஊதும் காற்று அல்ல. உள்ளிருந்து அடித்தாலும் வெளியிலிருந்து அடித்தாலும் தவறு தவறுதான். எண்ணெய்க் காகிதத்துக்குக் காற்றடிக்கக் கூடாது.

நான்காவது கியர்
காற்றடிப்பது இருக்கட்டும். ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் குறையும் என்று கணக்குப்பிள்ளை நேற்றைய பதிவின் தொடக்கத்தில் எழுதியிருந்தாரே, அதை ஏன் யாரும் கேட்கவில்லை? 2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம், பெட்ரோலைக் கணினி அளந்து பீய்ச்சும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் கார்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டிப் பார்த்தது. மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை, பிக்கப்தான் குறைந்தது. உள்ளே வரும் காற்று குறைந்தால் அதற்கேற்ப இ.சி.யூ. என்னும் இன்ஜின் கணினி பெட்ரோலையும் குறைத்துவிடும் என்பதே காரணம். கணினி இல்லாமல் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் வண்டியில்தான் அந்தப் பழைய நம்பிக்கைக்குக் கொஞ்சம் இடம் உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து, புதிய வண்டிகள் பெரும்பாலும் கார்புரேட்டரைக் கைவிட்ட பிறகும் கார்புரேட்டர் காலத்துப் பாடத்தையே ஒப்பித்துக்கொண்டிருந்தால் எப்படி?

பழைய ஸ்பேனர்
அமெரிக்க ஆய்வகத்தில் செங்கல் லாரிக்குப் பின்னால் வண்டி ஓட்டிப் பார்த்தார்களா என்று தெரிந்தால் சொல்லுங்கள். மைலேஜைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான் பேசுவது காற்றடிப்பதைப் பற்றி மட்டுமே. அதற்கு இ.சி.யூ. என்ன செய்யும்? கிழிந்த காகிதத்தை அது தைத்துக் கொடுக்குமா?

கணக்குப்பிள்ளை
முதலில், என்னைத் தம்பி என்று அழைப்பதை நிறுத்துங்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. இரண்டாவதாக, ஸ்கூட்டர் உரிமையாளர் குழலைக் காகிதத்தோடு ஒட்டிப் பிடித்துக் கிழித்ததற்கு நான் பொறுப்பாக முடியாது. பட்டறைகளின் யோக்கியதையையும் நான் அறிவேன். பெயர் சொல்ல விரும்பாத ஓர் இடத்தில் சர்வீஸ் பில்லில் புதிய ஃபில்டருக்குப் பணம் வாங்கிக்கொண்டு, என் பழைய ஃபில்டரையே தட்டி மாட்டி அனுப்பினார்கள். ஓரத்தில் நான் பேனாவால் தேதி எழுதி வைத்திருந்ததால்தான் அது தெரிந்தது. அன்றுதான் இந்த வேலையை நானே கற்றுக்கொண்டேன். என் ஃபில்டரில் எண்ணெய் இல்லை, இல்லை, இல்லை.

ஓரமாய்ப் போகிறவன்
மீண்டும் கேட்பதற்கு மன்னிக்கவும். பானெட், கிளிப்பு என்று ஒருவர் எழுதுகிறார், மற்றவர் ஸ்கூட்டர் என்கிறார். ஒருவர் காரையும் மற்றவர் ஸ்கூட்டரையும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறீர்களோ?

பழைய ஸ்பேனர்
எந்த வண்டி என்று கேட்டுப் பேச்சைத் திசைதிருப்ப வேண்டாம். வெள்ளைக் காகிதமாகவே இருக்கட்டும், டயர் கடைக் கம்ப்ரசர் அதற்கு மட்டும் தனியாக இரக்கம் காட்டுமா? ஐம்பத்திரண்டு வயது அன்பருக்கு ஒரு வேண்டுகோள். காற்றடித்த அந்த ஃபில்டரை இன்று இரவு இருட்டறையில், பின்னால் டார்ச் விளக்கை வைத்துப் படமெடுத்து இங்கே போடுங்கள். ஊசி முனையளவு வெளிச்சம் நேராகத் தெரிந்தாலும் போதும், மீதியைப் பிறகு பேசலாம்.

கணக்குப்பிள்ளை
போடுகிறேன். நீங்களும் எண்ணெயைத் தொட்ட விரலைப் படமெடுத்துப் போடுங்கள்.